அவஸ்தை எண்ணெய்

அக்கா,

இன்று மதியம் கூட வேலை பார்க்கிறவன் பையிலிருந்து எண்ணெய் கொட்டிவிட்டது. குழந்தைக்குத் தேய்க்க மருந்துக்கடையில் வாங்கிய ஆலிவ் எண்ணெய். சின்ன டின், மூடி சரியாக இறுகவில்லை. சாப்பிடுகிற மேசையெல்லாம் வழிந்தது. அவன் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது வாசனை என்னிடம் வந்தது. தேங்காய் எண்ணெயின் இனிப்பு இல்லை, நல்லெண்ணெயின் அழுத்தம் இல்லை. பச்சை இலையைக் கசக்கினாற்போல் ஒன்று. டிபன் பாக்ஸை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். செத்தவர்களுக்கு மடல் எழுதுவதெல்லாம் எனக்குச் சரிப்படாது, உனக்கே தெரியும். ஆனால் வீட்டில் உன்னைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ பக்தியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. செய்துகொண்டே இருப்பாய். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனியாகப் போடுவாய். மாவு பிசைந்தால் அதன்மேல் விரலால் சிலுவை கீறுவாய். சாயங்காலம் பக்கத்து வீட்டில் சீரியல் பாட்டு தொடங்கும்போது நம் வீட்டில் ஜெபமாலை. ஷிப்ட் முடிந்து பசியோடு வந்து நிற்கும் நான் மந்திரத்தை ஓட்டுவேன்.

“பஸ்ஸப் பிடிக்கப் போறியாடா? மாதா எங்கயும் ஓடிட மாட்டாங்க, மெதுவா சொல்லு.”

“நீ இழுக்குற இழுப்புல மாதாவுக்கே தூக்கம் வந்துடும்க்கா.”

அப்பா சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிவார். நீ முழங்காலில் நின்றபடியே என்னைக் கிள்ளுவாய்.

பிறகு மெதுவாகக்கூட உன்னால் சொல்ல முடியவில்லை. பாதி மந்திரத்தில் மூச்சு வாங்கியது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது என்றார்கள். பாண்டிச்சேரியில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துத் தேதிக்காகக் காத்திருந்தோம். வால்வைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பூவம் பக்கத்துத் தொழிற்சாலையில் நான் நாள் முழுக்கப் பார்ப்பது அதைத்தான். சரியாக மூடாத வால்வை வைத்துக்கொண்டு பம்ப் எத்தனை நாள் ஓடும்? உன் கால் வீக்கம் முழங்கால்வரை ஏறியதை எல்லோரும் பார்த்தோம். கால்மேல் போர்வையை இழுத்துவிட்டதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் நீ கேட்டாய். “சாமியார வரச்சொல்லுங்க. நோயில்பூசுதல் வாங்கிக்கிறேன்.”

அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது. “அவஸ்தையா? இப்ப எதுக்குடி அவஸ்தை? வாயில நல்ல வார்த்தையே வராதா?”

அங்கேதான் மாட்டிக்கொண்டது. கோயிலில் நோயில்பூசுதல் என்று பெயரை மாற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது. நோயாளிக்குத் தைரியம் கொடுக்கத்தான் அந்த எண்ணெய் என்று பிரசங்கத்திலும் சொல்லியாகிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் அது இன்னமும் அவஸ்தைப் பூசுதல்தான். சாகக் கிடக்கிறவர் நெற்றியில் வைப்பது. வைத்தால் ஆள் மிஞ்சாது. அவள் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது, சித்தப்பாவுக்கும் அப்படித்தான் ஆனது. சாகப்போகும்போது மட்டும் கூப்பிட்டால் வேறென்ன ஆகும்?

“தீப்பிடிச்சதாலதான் மணி அடிக்குது. மணி அடிச்சதால தீப்பிடிக்கலம்மா” என்றேன்.

“போடா, உன் மிஷின் நியாயத்தத் தூக்கிக்கிட்டு.”

அப்பா ஒரே வரியில் முடித்தார். “இருபத்தெட்டு வயசுப் பொண்ணுக்கு அந்த எண்ணெய் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது.”

சாமியார் தாமாகவே இரண்டு முறை உன்னைப் பார்க்க வந்தார். “தோத்திரம் சாமி. இப்பதான் கண் அசந்துச்சு” என்று அம்மா வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். உள்ளே நீ கண்ணைத் திறந்துகொண்டு, ஜன்னல் வழியே அந்த வெள்ளை அங்கி தெருமுனையில் மறைகிறவரை பார்த்தாய். இரண்டாம் முறை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய்.

“ஒருநாள் நெஜமாவே தூங்கிடுவேன்டா. அப்புறம் அவர் வந்து என்ன செய்ய? முழிப்பு இருக்கும்போது வேணும். ஆமென் நான்தான் சொல்லணும், எனக்காக நீங்க சொல்லக்கூடாது.”

“பயமா இருக்காக்கா?”

“இருக்கு. அதான் கேக்குறேன்.”

மறுநாள் நான் யாரையும் கேட்கவில்லை, உன் காதில் மட்டும் சொன்னேன். கோயிலுக்குப் போய் சாமியாரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். நம் கோவில்பத்துக்குள் திரும்பியதுமே தெரு மாறிவிட்டது. அங்கி காற்றில் அடிக்க, கையில் எண்ணெய்ச் சிமிழோடு அவரைப் பார்த்ததும் குழாயடியில் பேச்சு நின்றது. குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒருத்தி பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

வீட்டில் நீ மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, சிலுவை வைத்து, இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாய். எப்படி எழுந்து செய்தாயோ. அம்மா அதைப் பார்த்துச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வரும் மீன்காரம்மா வாசலில் வந்து நின்றாள். கடல் ஏறி வந்த சுனாமி வருஷம் பிணங்கள்மேல் வெள்ளைத் துணியைப் போதும் போதும் என்று பார்த்தவள். கூடையை இறக்கினாள், தலையில் கை வைத்தாள்.

“அய்யோ, என் தங்கமே! போயிட்டியாடி!”

“யக்கா, நான் இன்னும் இருக்கேன்” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய். “சங்கரா மீன் இருக்கா?”

சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மீன்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஆயுசு கெட்டிடி உனக்கு” என்றாள். அம்மா சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே வாசலில் ஒப்பாரி விழுந்துவிட்டதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சாமியார் சிமிழைத் திறந்ததும் இன்று மதியம் வந்த அதே வாசனை. உன் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசினார். ஆமென் என்றாய். அடுப்படியில் நின்ற அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாய். சாமியார் போனபிறகு கைகளைத் துடைக்காமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, “இப்ப ஆபரேஷனுக்குக் கூப்பிடட்டும், போறேன்” என்றாய். வீட்டில் உன் முகம் மட்டும்தான் அன்றைக்குத் தெளிவாக இருந்தது.

கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்பே கோயிலில் துக்கமணி அடித்தது. உனக்குத்தான்.

“நீதானே கூட்டிட்டு வந்த.” அம்மா இதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அப்பா இதைக்கூடச் சொல்லவில்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். படுத்த படுக்கையாய் ஆள் இருக்கிற வீடுகளில், என் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னல் திரையை விலக்கிப் பின்சீட்டைப் பார்க்கிறார்கள். எண்ணெய்க்கும் வால்வுக்கும் சம்பந்தமில்லை. நூறு பேர் எதிரில் நின்றாலும் சொல்வேன். ஆனால் ஒரு தெரு முழுக்க ஒன்றை நம்பும்போது, வண்டியைக் கிளப்புகிற காலில் என்னவோ பிடித்துக்கொள்கிறது, அக்கா. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஜெபமாலை நிற்கவில்லை. நீ சொன்ன முன்பாதியை இப்போது நான் சொல்கிறேன். ஓட்டுவதில்லை. பின்பாதி அவர்கள் இருவரும். எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று மாதாவிடம் கேட்பது அந்தப் பாதியில்தானே. கொஞ்ச நாளாக அந்த இடம் வரும்போது அம்மா குரல் மட்டும்தான் கேட்கிறது. அப்பாவுக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை. அம்மாவிடம் சளி என்கிறார். டாக்டரிடம் போவோம் என்று நான் சொன்னால் எழுந்து போய்விடுகிறார்.

நேற்று ஜெபம் முடிந்து அம்மா அடுப்படிக்குப் போனாள். அப்பா முழங்காலிலிருந்து எழவில்லை. என்னைப் பார்க்காமல் பேசினார். நீ போனபிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

“எனக்குன்னா உங்கம்மாவக் கேக்காத. நான் முழிச்சிருக்கும்போதே சாமியாரக் கூட்டிட்டு வந்துடு.”

“எப்பப்பா?”

“அது உனக்குத் தெரியும்.”

எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சரி என்றேன். டாக்டரையும் பார்த்துவிடுவோம் என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?” என்று அம்மா கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. சோத்தப் போடு” என்றார் அப்பா.

உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா தட்டில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் கொடுத்த வார்த்தையை வைத்துக்கொண்டு, நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.