கல் அங்காடியில் அவர் குரல்

10 செப்டம்பர் 2025, புதன்

மழை வரும் போலிருக்கிறது. கடையில் தார்ப்பாய் நன்றாக ஓடுகிறது. சாக்கும் கயிறும் அப்படியே கிடக்கின்றன.

மதியம் சின்னதுரையின் ஆட்டோ, தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கல் அங்காடியைச் சுற்றி வந்தது. "வியாபாரிங்களே, யாரும் காலி பண்றதுக்குக் கையெழுத்து போடாதீங்க. வெள்ளக்காரன் காலத்துல நம்ம ஆளுங்க கல்லு சுமந்து கட்டுன எடம் இது..." ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவிலும் இழுப்புக்காரருக்கு மூச்சு வாங்குகிறது.

என் வீட்டுக்காரர் வீரமணியின் குரல்தான். ஆடியில் போய்ச் சேர்ந்தார். வியாபாரிகள் சங்கச் செயலாளராக இருந்தவர் போய்விட்டார், அவர் பதிவு செய்து வைத்த பேச்சை நிறுத்த மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும்தான். அந்தச் சத்தம் கேட்டால் அளந்துகொண்டிருக்கும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன்.

12 செப்டம்பர்

வெள்ளிமலையிலிருந்து இருசம்மாள் அக்கா மாட்டுக் கயிறு வாங்க வந்தார். மழைக்கு முன்னால் ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை மலையிறங்குகிறவர். ஆட்டோ அப்போதுதான் திரும்பிப் போயிருந்தது.

"அண்ணன் எங்கியோ போய்க்கினு இருக்காரு போல. வரட்டும், குந்தினு இருக்கேன்" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். பக்கத்துக் கடை வெங்கடேசன்தான் விஷயத்தைச் சொன்னார். அக்கா எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்த்தார்.

"அப்ப இப்ப பேசினு போனது யாரு?"

19 செப்டம்பர்

கட்டடத்துக்காரரின் பேரன்கள் சென்னையில் இருந்துகொண்டே ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு வளாகம் கட்டப்போகிறார்களாம். வாடகைக்காரர்கள் நாங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் இடிக்க முடியும். போடாதே என்பதுதான் அவர் பேச்சு.

அந்தக் காலத்தில் இங்கே கடை வைத்திருந்தவர்கள் கதராடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள் என்று போலீஸ் கடைகளைப் பூட்டிப் போனதாம். மறுநாள் எல்லோரும் பூட்டிய கதவுக்கு முன்னாலேயே தரையில் கடை விரித்து உட்கார்ந்தார்களாம். இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் ஒரு கூட்டத்தையும் முடித்ததில்லை.

இப்போது சங்கத்தைத் துணைத்தலைவர் தமிழரசன் பார்த்துக்கொள்கிறார்.

26 செப்டம்பர்

இன்று அவர் வேறு என்னமோ சொன்னார்.

27 செப்டம்பர்

நேற்று என் காதுதான் கெட்டுப்போனது என்று நினைத்தேன். இல்லை. இன்றும் அதே ஆட்டோ, அதே குரல்.

"வியாபாரிங்களே, வீரமணி பேசறேன். காலம் மாறிப்போச்சு. சின்னசேலம் ரோட்டுல நமக்குத் தற்காலிகக் கடை தர்றாங்க. எல்லாரும் கையெழுத்து போட்டுடலாம்."

ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன். சின்னதுரை பயந்துவிட்டான். "தமிழரசன் அண்ணன்தான்க்கா போன்ல அனுப்புனாரு. போடச் சொன்னாரு, போட்டேன்."

தமிழரசனிடம் கேட்டால், "கடைசி வாரத்துல அண்ணனே பேசிக் குடுத்தாருங்க அண்ணி. உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்.

எனக்குத் தெரியாதா? அந்தக் கடைசி வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றால் என்ன அர்த்தம்?

30 செப்டம்பர்

மேல் வரிசையில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பூக்கடைச் செல்லியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலை கட்டிக்கொண்டே சொன்னார்: "உன் வூட்டுக்காரர நம்பித்தான் நின்னேன். அவரே ஒத்துகினாரு. அப்புறம் நான் எதுக்கு நிக்கணும்?"

ஆட்டோ வந்தது. நான் வாசலுக்குப் போகவில்லை. உள்ளே சாக்குக் கட்டுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன். அங்கேயும் கேட்டது.

இன்னா மனுஷன்யா நீ? ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டு, அவன்கிட்ட தனியா வேற சொன்னியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செத்தா இன்னா?

எழுதிவிட்டு அழுதேன். எழுதியதை அடித்துவிடவும் மனமில்லை.

3 அக்டோபர்

ஆயுத பூஜை விடுமுறைக்குச் சேலத்திலிருந்து மகள் ரம்யா வந்திருக்கிறாள். வாசலில் நின்று கேட்டவளின் முகம் மாறிப்போனது.

"அம்மா, அப்பா எங்கியாவது மூச்சு வாங்குறாரா பாரு."

கேட்டேன். வாங்கவில்லை. ஒரே சீராக, இருபது வயசுப் பையன் மாதிரி பேசுகிறது.

"பழைய பேச்சக் குடுத்தா அந்தக் குரல்ல எத வேணும்னாலும் கம்ப்யூட்டர் பேசும்மா. என் கூடப் படிக்கிறவங்க வெளாட்டுக்குச் செய்யறாங்க."

நம்பவேண்டும் போலிருந்தது. அதனாலேயே நம்பப் பயமாகவும் இருந்தது. ஆசைப்பட்டுக்கொண்டு அவருக்கு நானே வக்காலத்து வாங்குகிறேனா? பிறகு ஒன்று தோன்றியது. வெங்கடேசனிடம் போய்க் கேட்டேன், அந்தச் சின்னசேலம் ரோட்டு இடம் எப்போது முடிவானதென்று.

"ஆவணியிலங்க. புள்ளையாரக் கரைச்ச பிற்பாடுதான் கம்பெனிக்காரங்களே வந்து அந்த எடத்தக் காட்டி..." என்றவர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

5 அக்டோபர், ஞாயிறு

சங்கக் கூட்டம். இத்தனை வருஷத்தில் நான் டீ கொடுக்கத்தான் அங்கே போயிருக்கிறேன். இன்று எழுந்து நின்றேன்.

"தமிழரசன் தம்பி, ஆவணியில வந்த எடத்தப் பத்தி ஆடியில செத்த மனுஷன் எப்படிப் பேசுனாரு?"

அவர் ஏதாவது மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படியும் இடிக்கத்தான் போறாங்க அண்ணி. கெடைக்கறத வாங்கிக்கலாம்னு பார்த்தேன். நான் சொன்னா யார் கேக்குறா? அண்ணன் சொன்னாத்தான் கேக்குறாங்க."

யாரும் அடிக்கப் போகவில்லை. செல்லியம்மாள் மட்டும் சொன்னார்: "செத்தவன் வாய்க்குள்ள கைய வுட்டுட்டியேடா."

முடிந்ததும் சின்னதுரையைக் கூப்பிட்டு, அவர் பேச்சு எல்லாவற்றையும் என் கண்முன்னே அழிக்கச் சொன்னேன்.

"நெசமா அண்ணன் பேசுனதுமாக்கா?"

"அதுவும்தான். நாளைக்கு இன்னொருத்தன் வேற மாதிரி செஞ்சினு வந்தா ஜனங்க எத நம்பும்? இனிமே பேசணும்னா உசுரோட இருக்கறவங்க பேசட்டும்."

அவன் அழித்தான். ரம்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

24 நவம்பர்

கையெழுத்துப் போட்டவர்களும் ஏமாற்றப்பட்டோம் என்று, சங்கத்தின் சார்பில் நாங்கள் கோர்ட்டில் கொடுத்த மனுவில் சேர்ந்துகொண்டார்கள். வழக்கு முடியும்வரை அங்காடியில் ஒரு கல்லையும் தொடக்கூடாது என்று கோர்ட்டு இன்று சொல்லிவிட்டது. செல்லியம்மாள் எனக்கு ஒரு முழம் கனகாம்பரத்தை நீட்டினார். வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கினேன். "வெச்சுக்க, செயலாளரு" என்றார். வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். உடனே குரல் வந்தது.

"நல்லா செஞ்ச, ஜெயசுதா."

தெளிவாக, ஒரே சீராக. மூச்சு வாங்கவேயில்லை.

எத்தனை முறை முயன்றாலும் அதுதான் வருகிறது. இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.