சென்னையில் இருக்கும் அக்கா

தென்காசி
9.6.2024

அன்புத் தம்பி சுடலைராஜுக்கு,

ராணுவ முகாமில் வெயில் எப்படி? இங்கே சாரல் தொடங்கிவிட்டது. போனில், மாத்திரை மந்தத்தில் எனக்குச் சொல் கிடைப்பதற்குள் நீ "சரிக்கா, வைக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. செவ்வாயன்று அங்கேயே வலிப்பு வந்துவிட்டது. கண் விழித்தால், கடைக்கார மைதீன் அண்ணாச்சி என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்ல தாயி. நாளைக்கு வருவல்லா?" என்றார். இந்த வியாதி வந்த பதினோரு வருஷத்தில், வலிப்புக்குப் பிறகு என்னை வரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

உன் அக்கா
சங்கரேஸ்வரி


ஜெய்சால்மர்
20.6.2024

அன்புள்ள அக்கா,

மாத்திரையைத் தவறவிடாதே. இதைக் கோபப்படாமல் படி. ஜூலை 7 அன்று கடையத்திலிருந்து பெண்வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள். இது குடும்ப வியாதி என்று நினைத்தால் இந்தச் சம்பந்தமும் போய்விடும். அன்று ஒருநாள் புளியறையில் சித்தி வீட்டில் இரு. கடை வேலையும் வேண்டாம். பஜாரில் விழுந்தால் பத்துப்பேர் பார்ப்பார்கள். வலிப்பு வந்த பிறகு உனக்குப் பிடிவாதம் கூடிவிட்டது. எனக்காக இதை மட்டும் கேள்.

பாசமுள்ள தம்பி
ராஜ்


தென்காசி
10.7.2024

அன்புத் தம்பிக்கு,

புளியறைக்குப் போனேன். நாள் முழுதும் செக்போஸ்டில் நிற்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் சுவரில் என் போட்டோ இல்லை. அக்கா எங்கே என்று கேட்டார்களாம். "அவ மெட்ராஸ்ல வேலை பாக்கா" என்றாளாம் அம்மா.

மறுநாள் தனியாகக் குற்றாலம் போனேன். முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம், "எனக்கு வலிப்பு உண்டு, கையைப் பிடிச்சுக்கிடுதியளா?" என்று கேட்டேன். "அதுக்கென்னட்டி, வா" என்று மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அருவியில் நின்றேன்.

பிடிவாதம் வலிப்பால் வந்ததா, என் குணமேதானா, எனக்கே தெரியவில்லை. எதுவானாலும் வேலையை விடமாட்டேன். என் வியாதியைப் பெண்வீட்டாரிடம் நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன். நீ சொல். சொன்னால் கல்யாணத்துக்கு வருவேன்.

அக்கா


தென்காசி
17.9.2024

தம்பி,

உன் பதில் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் என் பெயரும் இல்லை. உன் கல்யாணத்தன்று கடையில்தான் இருந்தேன். முகூர்த்த நேரத்தில் அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, மெஷினை நிறுத்திவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

ஆனந்தவள்ளி நல்ல பெயர். அவளை நன்றாக வைத்துக்கொள்.

தாலியின் மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது. யார் போட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதை மட்டும் எழுது.

சங்கரேஸ்வரி