தையல் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

நேற்று மாலை, ஜொகூரின் தம்போயில் நாம் வழக்கமாக ரொட்டி சாப்பிடப் போகும் மமாக் கடைக்குத் தனியாகப் போயிருந்தேன். தொலைக்காட்சியில் ஏதோ ஓர் அனைத்துலக விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா. நாடு நாடாகக் கொடி பிடித்துக்கொண்டு வந்தார்கள். அத்தனை நாலு மூலைக் கொடிகளுக்கும் நடுவே, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு முக்கோணங்களாய் நேபாளக் கொடி வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறதடி. உன்னோடு மல்லுக்கு நிற்காமல் இப்படியொரு விழாவை நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

சாஆ ஊரில் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளாக ஓடித் திரிந்த காலத்திலிருந்து நமக்குள் அந்த வழக்கு தீரவே இல்லை. விளையாட்டு மனிதர்களைச் சேர்த்து வைக்கும் என்பது உன் கட்சி. சேர்ந்து ஊர்வலம் போய்விட்டு, மறுவாரமே ஊருக்குத் திரும்பிப் பழையபடி முறைத்துக்கொள்வார்கள், புறா பறக்கவிட்டால் பீரங்கி வாயை மூடிக்கொள்ளுமா என்பது என் கட்சி. உனக்குக் கோபமே வராது. "நீ வாயாலேயே கோல் போடுறவ" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்துக்கொள்வாய்.

பிறகு நான் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். நீ நெகிழித் தொழிற்சாலையின் தொழிலாளர் விடுதிக்குப் பொறுப்பாளராக ஆனாய். ஒரு மாடியில் நேபாளப் பையன்கள், மறு மாடியில் வங்காளதேசப் பையன்கள். கீழே கார் நிறுத்தும் இடத்தில் மாலையில் பந்து உதைப்பார்கள். அங்கேதான் அந்தக் கைகலப்பு நடந்தது. நேபாளத்துப் பிரகாஷுக்கு உதடு கிழிந்தது, வங்காளதேசத்து ரஹீமுக்கு முன்பல் உடைந்தது. இன்னொரு முறை கை நீண்டால் இருவரையும் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இரண்டு பேரின் வீட்டிலும் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. மாடிக்கு மாடி பேச்சு நின்றுபோனது. குழாயடியில் நின்றால்கூட முறைப்பு. எந்த நேரமும் வெடித்துவிடும் என்று நீ சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தாய்.

அதற்கு நீ கண்டுபிடித்த மருந்து ஒரு காற்பந்து ஆட்டம். குடியிருப்புத் தாமான் திடலில், இரண்டு நாட்டுக் கொடியையும் கட்டி, முறைப்படி ஒரு போட்டி. சண்டை வந்ததே பந்தால்தான், அந்தப் பந்தையே மறுபடியும் நடுவில் வைப்பாயா, உனக்குப் புத்தி கித்தி கலங்கிவிட்டதா என்று கேட்டேன். "முள்ளை முள்ளாலதான்டி எடுக்கணும்" என்றாய். கொடியெல்லாம் எதற்கு, அது வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் என்றேன். "விருந்தாளியா கூப்பிட்டா பேரைச் சொல்லிக் கூப்பிடணும்லா" என்றாய்.

கொடிகளை நீயே தைத்தாய். வங்காளதேசக் கொடி சுலபமாக முடிந்தது. பச்சைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம். நேபாளக் கொடிக்குக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாய். படத்தில் கொடிக்குப் பின்னால் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையும் கொடியைச் சேர்ந்ததுதான் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். உலகத்தில் எந்தக் கொடிக்கு நாலு மூலை இல்லை? முக்கோணங்களை ஒட்டி வெள்ளைத் துணி வைத்து, சதுர சுத்தமாகத் தைத்து, இஸ்திரியும் போட்டு முடித்தாய். அழகாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோல் கம்பத்தில் அதைக் கட்டியபோது நேபாளப் பையன்கள் சிரித்துப் பேசியபடி வந்துகொண்டிருந்தார்கள். கொடியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எதிர்ப்பக்கம் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அவ்வளவுதான், பிரகாஷின் முகம் இறுகிப்போனது. இது எங்கள் கொடி இல்லை, எங்களைக் கேலி செய்ய அவர்கள் செய்த வேலை என்று மலாயில் சொன்னான். உனக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "ஐயோ அலமாக், நான்தான் தம்பி தைச்சேன். தப்பு என்னோடது" என்று கொடியை அவிழ்த்துக்கொண்டு ஓடினாய். அதோடு விட்டிருக்கலாம். வெள்ளையை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாய்.

கொடியில் கத்தரிக்கோல் வைப்பதைப் பார்த்து நேபாளப் பையன்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். பிரகாஷ் உன்னை நோக்கி வந்தான். அதே நேரம் அந்தப் பக்கத்திலிருந்து ரஹீமும் நடுக்கோட்டைத் தாண்டி வந்தான். முடிந்தது, நாளைக்கே இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் என்று நினைத்தேன்.

ரஹீம் உன் முன்னால் வந்து கையை நீட்டினான். "வெட்டாதீங்க அக்கா. தையலைப் பிரிச்சிடலாம்" என்று அவனுக்குத் தெரிந்த மலாயில் சொன்னான்.

இங்கே வருவதற்கு முன் அவன் தன் ஊரில் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தவனாம். அப்படியே புல்லில் உட்கார்ந்து, கத்தரிக்கோல் முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கினான். வழவழப்பான துணி, நழுவிக்கொண்டே இருந்தது. மறுமுனையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். நீ பிடிக்கப் போனாய். நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அது ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பிறகு பிரகாஷ் வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துணியைப் பிடித்தான்.

கிழிந்த உதடும் உடைந்த பல்லும் முட்டிக்கொள்கிற தூரத்தில் இருந்தன. நூல் ஒவ்வொன்றாக அறுபட்டது. அப்புறம் ரஹீம் தலை நிமிராமல், கொடியில் நிலாவும் சூரியனும் எதற்கு என்று கேட்டான். அவை இருக்கும்வரை எங்கள் நாடும் இருக்க வேண்டும் என்பதற்காக என்றான் பிரகாஷ். சந்திர சூரியர் உள்ளவரை என்று நம் ஆட்கள் வாழ்த்துவதுதான். ரஹீம் யோசித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான்.

ஆட்டம் தாமதமாகத் தொடங்கி, மழை வந்து பாதியில் நின்றது. அதற்குள்ளேயே ஒரு கோலுக்கு வாய்ச்சண்டை, நீ விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிக்கொண்டாய். கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடுகிற காட்சியெல்லாம் எதுவும் இல்லை. பார்த்தாயா, சமாதானம் பந்தால் வரவில்லை, உன் தப்புத் தையலால் வந்தது என்று நனைந்துகொண்டே வீடு திரும்பும்போது குத்திக்காட்டினேன். நீ சிரித்தாய். "ஆட்டம்னா எதிர்ல ஒருத்தன் நிக்கணும்லா. அவன் நல்லா இருந்தாத்தான்டி நமக்கு ஆட்டமே. அது அந்தப் புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒனக்குத்தான் தெரியல" என்றாய். எல்லாம் வேலை பெர்மிட் முடியும்வரைதான், ஊருக்குப் போனால் யாருக்கு யாரோ என்றேன். விடவில்லை நான்.

மேலாளர் பயமுறுத்தியதுபோல இன்னொரு முறை கை நீளவே இல்லை. இருவரும் வேலைக்காலத்தை முடித்துத் தாமாகத்தான் ஊர் திரும்பினார்கள். அப்புறம் உன் உடம்பு, மருத்துவமனை, அந்த நாள். அதை எழுத இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை.

உன் கைப்பேசியில் இருந்தவர்களுக்கு நான்தான் செய்தி சொன்னேன். அன்று மாலை ரஹீமிடம் பேசினேன், குழந்தைபோல அழுதான். மறுநாள் காலையில் பிரகாஷை அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியும் அக்கா. ரஹீம் சொல்லிட்டான்" என்றான். எனக்குப் புரியவில்லை. அவனோடு இன்னும் பேசுகிறாயா என்று கேட்டேன். ஊருக்குப் போனதிலிருந்தே பேசிக்கொள்கிறார்களாம். பிரகாஷ் மலைநாட்டிலிருந்தும் ரஹீம் ஆற்றங்கரையிலிருந்தும், நம் ஜொகூரில் கற்றுக்கொண்ட அரைகுறை மலாயில். இரண்டு நாடும் காற்பந்தில் மோதுகிற அன்று மட்டும் ஃபோனில் பெரிய சண்டையாம். சொல்லிவிட்டு அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

உனக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பாயா? நீ சொன்னதுதான் சரியடி. அந்த ஒரு வார்த்தையை அன்று காலையிலிருந்து வாயிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். கேட்டுவிட்டு என்னைப் படாத பாடு படுத்த எதிரில் நீதான் இல்லை.