நீ காலியாக விட்ட இடம்

இன்று காலை எங்கள் கிணற்று மோட்டாரைச் சிங்காநல்லூரில் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோயிருந்தேன். உள்ளே கால் வைத்ததும் வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் இதே ரோட்டில் இருந்த பம்ப் கம்பெனி ஆபீஸில் நமக்கு அடுத்தடுத்த மேசை. நான் இங்கிலீஷ் டைப்பிஸ்ட். நீ அப்பாவின் ரயில்வே உத்தியோகத்தால் நாக்பூரில் படித்து வளர்ந்தவள். வடக்கே போகும் கடிதங்களை இந்தியில் எழுதுவது உன் வேலை.

ஒருநாள் வடக்கத்தி டீலர்களுக்கு இந்தியில் நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார் மேனேஜர். நம் இங்கிலீஷ் நோட்டீஸில் முதல் வரியிலேயே ‘டியூரபிள்’ என்று இருந்தது. நீ தடித்த அகராதியைப் புரட்டினாய்.

“லத்தீன்ல நீடிச்சிருக்கறதுன்னு ஒரு வார்த்தையாமா, அதுல இருந்து வந்துதாம். இந்தியில டிகாவூ. டிக்னான்னா நெலச்சு நிக்கறது. எங்கயோ இருக்கற ரெண்டு ஊர்க்காரனும் ஒரே ரோசனை பண்ணியிருக்கானுக பாரு அம்மணி!”

சரி, எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டாய். எதை எழுதுவதானாலும் மோட்டார் கட்டும் ஷெட்டுக்குள் போய் விசாரித்துவிட்டு வருவது உன் வழக்கம். எனக்கு அது சுத்தக் கிறுக்குத்தனமாகப் பட்டது. அன்றைக்கும் போய், கம்பி சுற்றும் வைண்டிங் மாஸ்டரிடம், மோட்டார் எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டாய்.

“இந்த லாட்டுல கம்பி மெல்லிசுங்க. ஒரு சீசன் ஓடுனாப் பெரிசுங்க” என்றார் அவர்.

திரும்பி வந்து எல்லா வரியையும் எழுதினாய். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் விட்டாய். “ஒரு சீசனுக்கு டிகாவூன்னு எழுத எனக்குக் கை வரல” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாய்.

மேனேஜர் பார்த்தால் குதிப்பார், உன் வேலைக்கே உலை வைப்பார் என்று எனக்குப் பயம். அகராதியைத் திறந்து, இந்தி தெரியாத நான், மூன்று எழுத்தையும் கோலம் போடுவதுபோலப் பார்த்து வரைந்தேன். நோட்டீஸ் அச்சாகி வந்ததும் நீ அதைப் பார்த்தாய்; என்னைப் பார்த்தாய். “எழுதிப்போட்டயா?” என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் ஒரு கோதுமை விவசாயியிடமிருந்து கடிதம் வந்தது. கதிர் பிடிக்கும் நேரத்தில் மோட்டார் எரிந்து பயிரெல்லாம் காய்ந்துவிட்டதாம். கூடவே நோட்டீஸ், அந்த வார்த்தையைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். ‘இதை நம்பித்தான் வாங்கினேன்’ என்று எழுதியிருந்தார். நீதான் அதை மேனேஜருக்குப் படித்துச் சொன்னாய். நானும் அங்கே நின்றிருந்தேன்.

“இங்கிலீஷுல என்ன இருந்தா என்ன? இந்தியில இதை எழுதுனது ஆரு?” என்று மேனேஜர் கத்தினார்.

“நான்தானுங்க” என்றாய் நீ.

அந்த மாதத்தோடு உன்னை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் நான்தான் அழுதேன், நீ அழவில்லை. “சும்மா இரு. உங்கப்பா மில்லு மூடிக் கெடக்குது. உம்பட சம்பளத்துலதான் ஊடு ஓடுது. எனக்கு இந்தி இருக்குது, எங்க வேணாலும் பொழச்சுக்குவேன்” என்றாய்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்து பிழைத்தும் காட்டினாய். அதன்பிறகு எத்தனை கல்யாணம், காதுகுத்து என்று சந்தித்திருப்போம். ஊர்க்கதையெல்லாம் பேசினோம். இதை மட்டும் நீ எடுக்கவே இல்லை. எடுக்காதது எனக்கு வசதியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, சொல்ல.

இன்று கடைக்காரரிடம், “எத்தனை வருஷமுங்க நிக்கும்?” என்று கேட்டேன். உன் கேள்வி என் வாயில் ஒட்டிக்கொண்டு வெகுகாலமாகிறது.

“ரெண்டு வருஷம் சொல்லலாமுங்க. அதுக்கு மேல சொன்னாப் பொய்யுங்க” என்றார். உனக்கு அவரைப் பிடித்திருக்கும்.

மேனேஜர் கேட்ட கேள்விக்கான பதிலையும் இத்தனை வருஷமாக நான்தான் வைத்திருக்கிறேன். அவரும் இல்லை, நீயும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவ இல்லீங்க. நான்தான் எழுதிப்போட்டேனுங்க.