டெமகாக்குக்கு நான் சொன்ன நன்றியுரை

அடேய் அருளப்பா, என் கூட்டுக் களவாணியே,

ஜெயித்துவிட்டோம்டா! பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளின் முனையில் உன் அம்மாவின் ஆப்பக் கடை அப்படியே இருக்கிறது. இன்று காலை உன் பங்கையும் சேர்த்து நான்தான் தின்றேன்.

நீ காய்ச்சலில் போன பிறகு நடந்ததைக் கேள். நம் லைன் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிற மீசைக்காரர் மேடைக்கு மேடை முழங்கினார்: "காய்ச்சல் எங்கிருந்து வந்துச்சு? அந்தக் கடைத் தண்ணியிலேருந்து! பெத்த மகனையே பறிகொடுத்தாளே, வேற சாட்சி வேணுமா?" உன் சாவைத் தூக்கி உன் அம்மா மேலேயே எறிந்தார். கடையை எடுக்கச் சொல்லும் மனுவில் கைநாட்டு வைக்க ஊரே தயாரானது. உன் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அடுப்பைப் பற்றவைப்பதையே நிறுத்திவிட்டார்.

பள்ளிக்கூடத்துக் குண்டு அகராதியில் நாம் பிடித்த சொல் நினைவிருக்கிறதா? டெமகாக். கிரேக்கர்கள் முதலில் மக்களை நடத்திச் செல்கிறவனைத்தான் அப்படி அழைத்தார்களாம். பயத்தையும் ஆத்திரத்தையும் கிளப்பியே கூட்டத்தை இழுத்துப் போனவர்கள் வந்து அந்தப் பேரை நாறடித்தார்கள். "கெட்டது சொல்லாடா, ஆளா?" என்று கேட்டாய்.

மீசைக்காரரின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், வழக்கம்போல, நன்றியுரை சொல்ல ஒரு பள்ளிப் பிள்ளை தேவைப்பட்டது. பல்லைக் காட்டிக்கொண்டு நான் ஏறினேன்.

"ஐயாவுக்கு நன்றி. அந்தக் கடைத் தண்ணியில போட்ட தேத்தண்ணிய, கடை மூடுற வரைக்கும் தினம் மூணு கோப்பை குடிச்சும், ஒரு தும்மல்கூட இல்லாம ஒரு மணி நேரம் பேசினீங்களே, அதுக்கு ரொம்ப நன்றி!"

எஞ்சினுக்குக் கரி தள்ளுகிற மாணிக்கம் அண்ணன் தொடையில் தட்டினார். "ஆமாம் லா! நானுந்தானே குடிச்சேன்!"

கொசு ஒழிக்கச் சாக்கடைக்கு எண்ணெய் ஊற்றுகிற அண்ணன் எழுந்தே விட்டார். "காய்ச்சலுக்குக் காரணம் கொசு, கொசுன்னு நான் கத்தினப்ப எவனாச்சும் கேட்டீங்களா?"

"டேய், எறங்குடா!" என்றார் மீசை.

"இதோ ஐயா, ஒரே ஒரு சொல்லு!" என்று நம் சொல்லையும் அதன் கதையையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

மனுத்தாளை மாணிக்கம் அண்ணன் பிடுங்கி அத்தையிடம் கொடுத்தார். மறுநாள் அதை வைத்துத்தான் அத்தை அடுப்பைப் பற்றவைத்தார். நெருப்பு பிடித்ததும் பழக்கத்தில் உன்னைக் கூப்பிட்டார். நான் "வரேன்" என்று போனேன்.

இப்போது கோலி விளையாட்டில் ஏமாற்றுகிறவனைக்கூடப் பொடியன்கள் "டெமகாக்" என்கிறார்கள். நீ கேட்டதற்குப் பதில்: கெட்டது ஆள்தான்டா. சொல் பாவம், அவனைக் காட்டிக்கொடுக்கத்தான் செய்கிறது.

இனி எந்த மேடையில் எவன் உன் சாவை எடுத்தாலும் நன்றியுரை என்னுடையது. சத்தியம்.

உன் அம்மா கூப்பிட்டால் ஓடிப்போகும்,
உன் கூட்டாளி முத்து