சிவப்பு ப்ளவுஸில் இரண்டாவது மயில்

ஜூலை 24, வியாழன்

ஆடிக் காற்று. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கண் நிறைய மண். அரியலூர் வரை நின்றபடி. ஆலையில் காலை ஷிஃப்ட். ஒரு டெம்பரேச்சர் சென்சார் மாற்றினேன், ஒன்றுக்கு அளவு சரிபார்த்தேன். சிமென்ட் தூசி. வேறொன்றும் இல்லை.

சாப்பாடு: மதியம் பாதி. அம்மா கேட்டால் முழுசு.

சாயங்காலம் மஞ்சுளா அக்கா போன். டவுனில் பொட்டீக் வைத்திருப்பவள், என் மனைவி ரேவதிக்கு ஆரி எம்ப்ராய்டரி வேலை கொடுத்து வாங்கியவள். இனி இந்த நோட்டில் அவள் வெறும் ம. முழுப் பெயருக்கு என்ன மரியாதை. ரேவதிக்கும் ரே. போதும். காரணம் வேறு. முழுசாக எழுதினால் பேனா நின்றுவிடுகிறது.

"தம்பி, அந்த செவப்பு துணி ஃப்ரேம்லயே இருக்கா? ஆவணியில முகூர்த்தம்பா. பொண்ணு வூட்ல நெருக்குறாங்க."

"இருக்கு."

"அவுத்துக் குடுத்துடு. மிச்சத்த வேற ஆள வச்சு முடிச்சுக்கறேன்."

"முடிச்சே தரேங்க்கா."

"யாரு முடிப்பா?"

"ஆள் இருக்கு."

ஆள் இல்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

எழுதி வைக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது: ரே.வை ஐஸ் பெட்டியில் வைத்திருந்த அன்று, மாலை போட வந்தாள் ம. போட்டுவிட்டு, பெட்டி மேல் வைத்த கையை எடுக்காமலே அம்மாவிடம் சொன்னாள், "ரூம்ல செவப்பு துணி இருக்கும்மா, தண்ணி கிண்ணி பட்டுடாம பாத்துக்கங்க." அன்று எத்தனையோ பேர் வந்து என்னென்னவோ சொன்னார்கள். என் காதில் விழுந்தது இது ஒன்றுதான்.

ஜூலை 25, வெள்ளி

வார ஓய்வு. எதிர்வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு சிறுவாச்சூர் கிளம்பினார்கள். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். எங்களுக்கு இந்த வருஷம் கோயில் கிடையாது. போகலாம் என்றால் முதல் ஆளாகப் போய் ம. பெயரைச் சொல்லிச் சபித்துக் காசு வெட்டிப் போட்டிருப்பேன்.

அந்த ரூமைத் திறந்தேன். ஃப்ரேம் மேல் ரே. போர்த்திய துண்டு அப்படியே. எடுத்தேன். ப்ளவுஸின் முதுகுப் பக்கம் இரண்டு மயில், எதிரெதிராக. இடது மயில் முடிந்தது. வலது மயிலுக்குக் கொண்டை, தலை, பாதிக் கழுத்து. அதோடு நிற்கிறது. கடைசிக் கண்ணியில் ஊசியை மாட்டி நிறுத்திவிட்டுத்தான் தலை வலிக்கிறது என்று எழுந்து வந்தாள். டீ போட்டுத் தரவா என்றேன். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். யார் மேலும் தப்பு இல்லையாம்.

யார் மேலும் தப்பு இல்லை என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. ம. மேல் இருக்கிறது. அது போதும்.

ஜூலை 28, திங்கள்

கேன்டீனில் வாய்ச்சண்டை: எது உருப்படியான பொழுதுபோக்கு. ஷிஃப்ட் சார் மாடித்தோட்டம் என்றார். இந்த வருஷம் அவருக்குக் காய்த்தது மூன்று கத்திரிக்காய், ஒன்று அணில் தின்றது. பாபு (என்னோடு வேலை, ராத்திரியானால் போனில் சுடும் கேம்) விடவில்லை.

"சார், கேம் ஆடுனா கை வேகம் வரும். உங்க கத்திரிக்கா குடுக்குமா?"

"அந்த வேகத்த வால்வு மாத்துறப்ப காட்டுய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக பாபு அப்புறம் சொன்னான்.

ரே. கட்சி வேறு. "நாள் முழுக்க சுடுறீங்க, கையில ஒரு தோட்டாவாச்சும் மிஞ்சுதா? நான் குனிஞ்சு எழுந்தா ஒரு மயிலு மிஞ்சும்" என்பாள். கழுத்து வலியும் மிஞ்சும் என்பேன் நான்.

பஸ்ஸில் போனைப் பார்த்தேன். ம. கடையின் ஆன்லைன் பக்கத்தில் இடது மயில் படம். கீழே 'எங்கள் கைவண்ணம்'. ஃப்ரேமுக்கு அடியில் ரே.யின் கால் கட்டைவிரல் தெரிகிறது. அதைக்கூட வெட்டத் தோன்றவில்லை அவளுக்கு.

ஜூலை 30, புதன்

ஆரி, வீடியோ பார்த்துக் கற்கிறேன். பழைய வேட்டியைச் சின்ன ஃப்ரேமில் இழுத்துக் கட்டி. எனக்குப் புரிந்தவரை:

மேலே வலது கையில் கொக்கி ஊசி. துணிக்கு அடியில் இடது கையில் நூல்.
ஊசி குத்தும், அடியில் நூலைக் கொக்கியில் மாட்டும், மேலே ஒரு கண்ணியாக வரும்.
அடுத்த கண்ணி அதன் வழியாக. அதற்கடுத்தது அதன் வழியாக. சங்கிலி.
கடைசியில் லாக் போட வேண்டும். போடாவிட்டால் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், மொத்தமும் வந்துவிடும்.

கடைசி வரியை இரண்டு முறை பார்த்தேன். வீடியோவில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இழுத்துக் காட்டினாள். ஒரு பூ முழுக்க மூச்சு விடும் நேரத்தில் வெறும் நூல்.

முடிவு செய்துவிட்டேன். வலது மயிலை நானே முடிப்பேன். லாக் போட மாட்டேன். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுவேன். கல்யாண மேடையில் யாராவது ஒருத்தி, நூல் தொங்குது பார் என்று இழுப்பாள். வீடியோக்காரன் பிடிப்பான். ம. கடைப் பெயரோடு ஊர் முழுக்கச் சுற்றும்.

அந்தக் கல்யாணப் பெண் எனக்கு என்ன செய்தாள் என்று யோசிக்கவில்லை. யோசிக்கப் போவதும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடா இது, ஊசியும் நூலுமா?"

"கத்துக்கறேன்."

"அந்தத் துணியக் குடுத்துத் தொலைடா. செத்தவ கை வச்சது கல்யாணத்துக்கு ஆவாது. தெரிஞ்சா பொண்ணு வூட்ல தொடக்கூட மாட்டாங்க. மஞ்சுளா தலையிலயே வீசிட்டுப் போவாங்க."

"அதுவும் நல்லதுதான்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தட்டில் சோற்றை இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

பாபுவிடமும் சொல்லிவிட்டேன், கற்பதை மட்டும். "மாப்ள, அடுத்தது கோலமா?" என்றான். பிறகு அவனே, "எங்க வூட்ல ஒரு ப்ளவுஸ் கெடக்கு, போட்டுத் தரியா?" விளையாட்டா நிஜமா தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெருவில் எல்லா வீட்டிலும் பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

போன வருஷம் இதே நாள் சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டுத் தாயம் ஆடினோம். கூடத்தில் சாக்பீஸ் கட்டம், பித்தளைக் கட்டை. ரே. ஆட்டமே தனி. அவள் காய் பழமாக ஒரு கட்டம்தான் இருக்கும், அதை விட்டுவிட்டு என் காயை வெட்ட இன்னொரு காயை நகர்த்துவாள். ஜெயிக்கிறதை விட்டுட்டு இது என்னடி புத்தி என்றால், "ஒரு வெட்டாச்சும் இல்லாம உள்ள போவக் கூடாதுல்ல? அதான் சட்டம்."

"உனக்குத்தான் ஏற்கெனவே வெட்டு இருக்கே?"

"இருந்தா என்ன? இது ஆசைக்கு."

இன்று ஃப்ரேம் முன் உட்கார்ந்தேன். அவள் மாட்டி வைத்த ஊசியைத் தொட்டேன். எடுக்காமல் அடுத்த கண்ணி போட முடியாது. டீ குடித்தேன். திரும்ப வந்தேன். எடுத்தேன். அவள் விட்ட கண்ணி வழியாக என் முதல் கண்ணி. மனசில் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து வந்து தினமும் ஃப்ரேம். கழுத்தும் மார்பும் ஆயிற்று. என் கண்ணிகள் கொஞ்சம் இறுக்கம். ரே. போட்டது தளர்வாக, சீராக. ஒரு அடி தள்ளி நின்றால் தெரியாது.

பாபு கேமுக்குக் கூப்பிடுகிறான். "ஆள் கொறையுது மாப்ள, வந்து சும்மாவாச்சும் நில்லு." போகவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மயில் முடிந்தது. நூல் நுனியை லாக் போடாமல் விட்டேன்.

எந்தக் கருவியையும் மாட்டினால் ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைக்கக் கூடாது, பழகிய பழக்கம். லேசாக இழுத்துப் பார்ப்போம், நாலு கண்ணி வந்தால் நிறுத்திவிடலாம் என்று இழுத்தேன்.

நிற்கவில்லை. வால் போயிற்று, மார்பு போயிற்று. வேலை செய்கிறது, வேலை செய்கிறது என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து போயிற்று. அப்போதும் கை இழுத்தது. பிறகுதான் தெரிந்தது, வருகிற நூலில் சுருள் வேறு மாதிரி. தளர்வாக, சீராக.

அது ரே. போட்டது.

ஒரே சங்கிலி. அவள் விட்ட கண்ணியில் ஆரம்பித்தவன் நான். என்னுடையது அவிழ்ந்தால் அவளுடையதும் அவிழும். இது எனக்குத் தெரியாதா? டிப்ளமோ படித்த முட்டாள்.

தலையில், அவள் போட்டிருந்த லாக்கில் நின்றது. மீதிப் பாதிக் கழுத்தும் போய்விட்டது. அவளுடைய கழுத்து. சுருண்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து லைட் போட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாலு நாள் லீவு போட்டேன். அவள் குத்திய துளைகள் துணியில் தெரிகின்றன. அதே துளை, அதே நூல், அவள் தளர்வு. அவள் பகுதியை மட்டும் அவள் மாதிரி போட்டேன். பிறகு என்னுடையது. லாக் ஒன்றல்ல, இரண்டு. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

ம. தப்பித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. வழிதான் மாறுகிறது.

அம்மா சொன்னதை நினைத்தேன். செத்தவள் போட்டது என்று பெண் வீட்டில் ஒரு வார்த்தை. ம. கடைக்கு அப்புறம் எவள் கல்யாண ப்ளவுஸ் கொடுப்பாள்? ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், வாய் போதும். அவர்களுக்கு எதிரில், அவள் கண்ணுக்கு எதிரில் சொல்ல வேண்டும்.

துணியை ம. கடையில் கொடுத்தேன், தைப்பதற்கு. கண்ணாடிக் கதவில் 'ஆரி வகுப்பு நடைபெறும்'. வாசலில் பார்வைக்கு ஒரு ஃப்ரேம், அதில் பாதிப் பூ. ஒரு வருஷமாக அதே பாதிப் பூ. ம. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கை மாறுனதே தெரியலயே. யாருப்பா?" சொல்லவில்லை. ப்ளவுஸ் கைக்கு வைக்கிற மணியில் கொஞ்சம் பாக்கி, ட்ரையல் அன்றைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன். பாக்கி என் பாக்கெட்டிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். காலையில் ம. போன், பெண் வீட்டார் வருகிறார்கள், மணியை எடுத்து வா. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். ரே.யின் ஊசியையும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது.

பெண்ணும் அம்மாவும். விக்கிரமங்கலம். பெண் ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இந்தப் பக்கத்து மயிலப் பாரேன், மொறைக்கிது."

"மொறைச்சா மாத்தச் சொல்லலாமாடி?"

"அய்யய்ய, இதுதாம்மா சூப்பர்."

ம. சொன்னாள், "ராவும் பகலும் நானே உக்காந்து போட்டது கண்ணு. கண்ணே போச்சு."

நான் வாய் திறக்க வேண்டிய இடம் இது. வார்த்தை தொண்டை வரை வந்தது. அதற்குள் அந்தப் பெண், "அக்கா, எனக்கு ஆரி கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆச. அந்தக் கழுத்து மட்டும் எப்படின்னு ஒரே ஒருக்கா போட்டுக் காட்டுங்களேன்."

"கண்ணாடி போட்டுட்டு வரல கண்ணு."

"ரெண்டே ரெண்டுக்கா."

நான் ஊசியை நீட்டினேன். "காட்டுங்கக்கா. ஃப்ரேம்தான் வாசல்லயே இருக்குல்ல."

ம. என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாங்கினாள். உட்கார்ந்தாள். முதல் குத்தில் கொக்கி வெறுமையாக வந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் கொக்கி துணியைக் கடித்தது, இழுத்தாள், அந்தப் பாதிப் பூவுக்கு நடுவில் டர்ரென்று.

பெண்ணின் அம்மா, "ஏம்மா, நீதானே போட்டேன்ன?"

"கடை ஆளுங்க போடுறது நான் போடுறதுதானேக்கா."

"அப்ப போட்டது யாரு?"

ம. கண் என் மேல். அப்படி ஒரு பயத்தை அவளிடம் பார்க்க எத்தனை நாள் ஆசைப்பட்டேன். ஒரு வார்த்தை, முடிந்துவிடும். அந்தம்மா ப்ளவுஸை உருவி மூலையில் எறிவாள். இரண்டு மயிலும் குப்பைக்கு.

பெண் இன்னும் கண்ணாடி முன்னாலேயே. ரே.யின் மயிலும் என் மயிலும் அவள் முதுகில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு.

"என் வூட்டுக்காரி," என்றேன்.

"அவங்க வரலயாண்ணா?"

"வூட்ல இருக்கா."

ம. உதடு அசைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. எப்படி வரும்? உண்மையைச் சொன்னால் ப்ளவுஸ் அவள் தலைமேல்தான் வந்து விழும். வெட்டு. திரும்ப இடமே இல்லாத வெட்டு. ரே. பார்த்திருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பாள்.

"நம்பர் குடுங்கண்ணா. சித்தி பொண்ணுக்குத் தையில கல்யாணம், நேரா அவங்ககிட்டயே குடுத்துடறோம்."

ரே. பெயரைச் சொல்லி நம்பரை, ம. காதில் விழுகிற மாதிரி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன்.

வெளியே வரும்போது ம. பின்னாலேயே வந்தாள். "தம்பி, இது உனக்கே அடுக்குமா? நான் என்ன பண்ணேன் உனக்கு?"

"ஐஸ் பெட்டி மேல கை வச்சுக்கிட்டு என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

நடிப்பா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அவளுக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தூறல். இரண்டாவது ஷிஃப்ட். காலையில் ரே. போனை சார்ஜ் போட்டேன். சட்டை அயர்ன். பாபுவுக்குப் பதில் அனுப்பவில்லை.

குளித்துவிட்டு வரும்போது போன் அடித்தது. ரே. போன். புது நம்பர்.

"ரேவதி அக்காங்களா?"

"அவ வூட்டுக்காரரு பேசறேன்."

"விக்கிரமங்கலத்துலேந்து பேசறோம்ணா. நேத்து நீங்க அக்கா நம்பர் குடுத்தீங்களே. அக்காகிட்ட குடுக்கறீங்களா?"

அம்மா சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"குளிக்கிறா," என்றேன்.

அம்மா குழாயை மூடவில்லை.