சூறாவளி ஊதிய பை

மார்ச் 3

இன்று எனக்கு எண்பத்தொரு வயது, இரண்டு மாதம், ஒன்பது நாள். இந்த வயதில் ஆள்மாறாட்டம் செய்திருக்கிறேன்.

ஊதும் மூச்சிலேயே நுரையீரல் நோயையும் கிருமித்தொற்றையும் கண்டறியும் புதிய சோதனை, மகளின் ஏற்பாடு. முடிவு சரியில்லையென்றால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் அவளோடு போய்விட வேண்டும். ஆய்வகத்து ஆள் ஒரு பையைக் கொடுத்து, மாலையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். ஊதினேன். பை அசைந்துகூடக் கொடுக்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் சூறாவளியைக் கூப்பிட்டேன். நான் வைத்த பெயர். அவள் துடைப்பத்தோடு நுழைந்தால் நாற்காலிகள் இடம்பெயரும்.

"இதுக்கா இந்தப் பாடு படறீங்க? பலூன்தானேம்மா!"

இரண்டே ஊதலில் பை உப்பியது. என் பெயரை ஒட்டிக் கொடுத்தனுப்பினேன்.

மாதிரியை மாற்றி வைத்த மாணவர்களை ஆய்வகத்தை விட்டே துரத்திய வேதியியல் பேராசிரியை நான்.

மார்ச் 5

மாடியறை ஒழுகலைப் பார்க்க மகள் அனுப்பிய மூன்றாவது மேஸ்திரியும் கையை விரித்துவிட்டார். தொழில் தெரிந்த ஆளே இல்லை என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

மார்ச் 10

மூச்சில் காசநோயின் அடையாளமாம். சளியையும் சோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். மகள் தொலைபேசியில் அழுதாள்.

"உங்களுக்குப் போய் இப்படியாம்மா!" என்ற சூறாவளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். மழைக்காலத்திலிருந்தே இருக்கும் இருமல். தூசி என்பாள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மார்ச் 14

என் சளியில் கிருமி இல்லை.

"கருவி தப்பாக் காட்டிருச்சு. மன்னிச்சிருங்கம்மா," என்றார் மருத்துவர். இந்தச் சோதனையைக் கொண்டுவர அலையாய் அலைந்தவர். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன் — "பரவாயில்லை" என்று சொல்ல. பெருந்தன்மை வேறு!

மார்ச் 15

எழுத ஒன்றுமில்லை. பொய். நிறைய இருக்கிறது.

மார்ச் 16

சூறாவளி விடுப்புக் கேட்டாள். அவள் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

"மடிய விட்டே இறக்க மாட்டேன். முத்தம் குடுத்தே கன்னத்தைத் தேய்ச்சிருவேன் பாருங்க!"

என்ன செய்யப் போகிறேன்? சொல்லு, என்ன பண்ணப் போறே? வீடு பெரிசா, அந்தப் பச்சைக் குழந்தை பெரிசா?

"போகாதே. உட்கார்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு மெதுவாக, "அப்ப அது என் மூச்சாம்மா?" என்றாள்.

மார்ச் 17

அவளோடு மருத்துவரிடம் போய் உண்மையை ஒப்பித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் சளியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2

சூறாவளிக்குக் காசநோய்தான். ஆரம்ப நிலை, மாத்திரை தொடங்கியாயிற்று. பேரனைக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாளாம்.

"உங்களை நல்லாத் திட்டணும்மா. இருமல் நிக்கட்டும், வச்சுக்கறேன்," என்கிறாள். காத்திருக்கிறேன்.

இன்று என் பையை நானே ஊதினேன், மகளின் முன்னால். பாதிகூட நிறையவில்லை. அவள் பையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

இரண்டு வருடமாக. ஐந்தாம் படிக்கு மேல் என்னால் ஏற முடிவதில்லை. மாடியறை ஒழுகுகிறது என்று சொல்லித்தான் படுக்கையைக் கீழே கொண்டுவந்தேன்.

அந்தக் கூரை ஒருநாளும் ஒழுகியதில்லை.